மேற்கு ஜன்னல் அறைக்குச் சந்தனமா, மயில்கழுத்து நீலமா?

மதுரை திருநகரில் மாடி வீடு, படுக்கையறை 10க்கு 12 அடி, மேற்கே ஒரே ஜன்னல். சந்தனம் அடிப்பதா, மயில்கழுத்து நீலமா என்பது உங்கள் கேள்வி. நீலம் அடித்தால் அறை குளுகுளுவென்று இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

அந்தக் குளுகுளுவை முதலில் மறந்துவிடுங்கள். மதுரை வெயில் உள்ளே இறங்குவது மொட்டை மாடி வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவும்தான். அவற்றின் வெளிப்பக்கம் வெள்ளையடித்தால் சூடு கொஞ்சம் குறையும். உள்ளே எந்தக் கலர் அடித்தாலும் ஃபேனுக்கு அடியில் அதே அனல்தான்.

கடையில் ஷேடு கார்டைப் பார்த்தே முடிவு செய்யாதீர்கள். சுங்குடிச் சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்ப்போமே, அந்தக் கதைதான். காலையில் உங்கள் அறைக்கு நேர் வெயில் கிடையாது. சந்தனம் அடக்கமாக இருக்கும். நாலு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே விழுந்ததும் அதே சுவர் மஞ்சளடிக்கும். அதனால் மஞ்சள் தூக்கலான சந்தனம் வேண்டாம், வெளிறியதாக எடுங்கள். நீலத்துக்குச் சோதனை ராத்திரியில்தான். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் நீலமாகவே தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் மங்கி இருண்டு தெரியும். உங்கள் வீட்டில் எந்த விளக்கு?

எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதன் கணக்கு. கருப்பு 0, வெள்ளை 100. வெளிறிய சந்தனம் பெரும்பாலும் 60க்கு மேலே, மயில்கழுத்து ரொம்பக் கீழே. ஒற்றை ஜன்னல் அறையில் நாலு சுவரும் நீலம் என்றால் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், மூன்று சுவர் சந்தனம், கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும் நீலம். அது வடக்கிலோ தெற்கிலோ இருக்கட்டும். ஜன்னல் இருக்கும் சுவரில் நீலம் அடித்தால் பளீரென்ற ஜன்னலுக்குப் பக்கத்தில் இருட்டுச் சுவர் நின்று கண் கூசும்.

செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடர் கலருக்கு வெள்ளை நிறமி குறைந்த பேஸில்தான், அதாவது கலர் சேர்ப்பதற்கான அடிப்படை பெயிண்டில்தான் கலக்குவார்கள். அடியில் இருப்பதை மூட இரண்டு கோட் பத்தாமல் மூன்றாவதும் கேட்கும். பழைய வெள்ளைச் சுவர் என்றால் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் போடச் சொல்லுங்கள். மேட் ஃபினிஷ் நீலத்தில் தலையணை உரசிய இடமெல்லாம் வெளுப்பாகத் தெரியும், லேசான பளபளப்பு உள்ளதை வாங்குங்கள்.

பெயிண்டர் வருவதற்கு முன் சின்ன டப்பா வாங்கி, இரண்டு சார்ட் அட்டையில் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்க்காதீர்கள், எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் அடர்ந்துவிடும். காலை, மாலை, ராத்திரி மூன்று நேரமும் அந்தந்தச் சுவரிலேயே ஒட்டிப் பாருங்கள்.

சீலிங்குக்கு வெள்ளை போதும்.