மணல் வளவில் புற்றரை: பசளைக் கேள்விகளும் பதில்களும்

கல்லடி: ஐயா, முற்றத்தில் 2 பேர்ச் புல் மஞ்சளாகி வருகிறது. எவ்வளவு யூரியா போடலாம்?

சாக்கைத் திறக்க முதல் ஒரு புல்லைப் பிடுங்கிப் பாருங்கள், தம்பி. அடியில் உள்ள முதிர்ந்த இலை வெளிறி, குருத்து பச்சையாக இருந்தால் நைதரசன் குறைவு. குருத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை.

நைதரசன் குறைவுதான் என்றால் பேர்ச்சுக்கு 125 கிராம் போதும். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர், ஆக சதுர மீற்றருக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. பின்னேரம் இலை காய்ந்திருக்கும்போது உலர்ந்த மணலோடு கலந்து தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் புல் கருகும். தண்ணீர் விடாமல் கிடந்தால் சத்தில் ஒரு பெரும் பங்கு ஆவியாகப் போய்விடலாம்.

மாரி மழைக்கு முன் மட்டும் போடவே போடாதீர்கள். நம் கிழக்குக் கரையோர மணல் எதையும் பிடித்து வைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை போதும், போட்டதெல்லாம் கிணற்றுக்குள் இறங்கிவிடும். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். அது கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தத்துக்கு ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம். புல்லை விடக் கிணறு முக்கியம்.

காத்தான்குடி: சேர், கடையில் டொலமைட்டும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினாகிரி ஊற்றுங்கள், நானா. நுரைத்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. டொலமைட் ஒரு சுண்ணாம்புக் கல் தூள், புளித்த (அமில) மண்ணுக்கு உரியது. சிப்பி கலந்த மணலில் போட்டால் மேலே சொன்ன இரும்புக் குறை இன்னும் கூடும். நுரைக்காவிட்டாலும், விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மண்ணைப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள்.

ஏறாவூர்: புதுக் கோழி எரு போடலாமா?

கூடாது. புல் எரிந்துபோகும், இலையான் மொய்க்கும். மூன்று மாதமாவது மக்கட்டும்.

சம்மாந்துறை: இரசாயனமே நஞ்சு, கூட்டெரு மட்டும் போதும் என்று நீங்கள் ஏன் சொல்வதில்லை?

வாழைச்சேனை: 2021 இல் வயலில் பட்டது போதாதா, அண்ணன்? யூரியா இல்லாமல் எங்கள் பயிர் மஞ்சளாகி நின்றதை மறந்துவிட்டீர்களா?

இருவருக்கும் ஒன்றாகவே சொல்கிறேன். அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை வந்து நவம்பரில் நீங்கியது. மண்ணுக்கு வருடக்கணக்காகக் கொடுக்க வேண்டியதை ஒரே போகத்தில் எதிர்பார்த்ததுதான் பிழை. கூட்டெருவில் பிழை இல்லை. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் நைதரசன், அதுவும் மெதுவாகத்தான் வெளியே வரும். யூரியாவில் 46. வேர் எடுப்பது இரண்டிலிருந்தும் ஒரே நைதரசனைத்தான். ஆனால் யூரியா மண்ணுக்குப் பிடிப்பைத் தராது, கூட்டெரு தரும். சம்மாந்துறைக் களிமண்ணில் நின்று பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கல்லடி மணலில் காலையில் விட்ட தண்ணீரை மத்தியானம் தோண்டிப் பாருங்கள், விரல் நீளத்துக்குக் கீழேதான் ஈரம் இருக்கும். அங்கே சலித்த கூட்டெருவை அரைச் சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, ஈர்க்குமாற்றால் புல்லுக்குள் கூட்டிவிடுங்கள். பேர்ச்சுக்கு 20 லீற்றர் வாளியால் ஆறு வாளி பிடிக்கும். வருடம் இரண்டு தரம் இப்படிச் செய்தால் யூரியா தானாகக் குறையும்.

சம்மாந்துறை: அப்படியென்றால் கடைசியில் நஞ்சு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

இல்லை. அளவு மிஞ்சினால் கோழி எருவும் கிணற்றைக் கெடுக்கும்.

களுவாஞ்சிக்குடி: புல் மஞ்சள், யூரியா எவ்வளவு?

முதல் பதிலைப் படியுங்கள்.

செங்கலடி: யூரியாவோடு சாம்பலைக் கலந்து போடலாமா?

கலந்தால் மூக்கில் ஏறும் நெடி வருமே, அதுதான் உங்கள் காசு பறக்கிற மணம். இரண்டையும் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். மழைக்கு முன் யூரியா வேண்டாம்.

கல்முனை: மாமரம் பூக்கவில்லை.

இன்றைக்குப் புல் மட்டும், தங்கச்சி. உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

அக்கரைப்பற்று: மஞ்சள் புல்லுக்கு என்ன போடலாம்?

முதல் பதில்.

திருக்கோவில்: ஆவணியில் இலை நுனி எல்லாம் கருகுகிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும்.

அது உப்பு. அந்த மாதங்களில் எந்தப் பசளையும் போடாதீர்கள், அதுவும் உப்பைப் போலத்தான் வேரை வாட்டும். எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளை ஒரு குளோரைட்டு, அதையும் தவிருங்கள். தினமும் மேலாகத் தெளிக்காமல் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். புல்லையும் உயரமாக விட்டு வெட்டுங்கள். மாரி மழை மண்ணைக் கழுவியபின், தை பிறந்ததும் கூட்டெருவைப் பரப்புங்கள்.