பாழடைந்த வீட்டை வாங்கிச் சீரமைத்து விற்பதில் லாபம் எங்கிருந்து வருகிறது?

கவனிப்பாரின்றிக் கிடக்கும் வீட்டை மலிவாக வாங்கி, பழுதுபார்த்து, சில மாதங்களிலேயே கைமாற்றிவிடுவதுதான் இந்தத் தொழில். குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ வாங்குவதில்லை.

பெரும்பாலானவர்களுக்கு உடனே பால் காய்ச்சிக் குடியேறுகிற மாதிரி வீடு வேண்டும். சுவரில் ஓதம், ஒழுகும் கூரை என்றாலே ஒதுங்கிவிடுவார்கள். கேட்க ஆளில்லாததால், பழுதுபார்க்க ஆகும் செலவைவிட அதிகமாகவே விலை இறங்கிவிடும். அந்த இடைவெளிதான் லாபம். அடிபட்ட பைக்கை வாங்கிச் சரிசெய்து விற்கும் மெக்கானிக்கும் இதைத்தான் செய்கிறார். ஆனால் அவர் எஞ்சினைப் பார்த்துவிட்டு விலை பேசலாம். வீட்டுச் சுவரை வாங்குவதற்கு முன் உடைத்துப் பார்க்க முடியாது. குளியலறை டைல்ஸைப் பெயர்த்த பிறகுதான் அடியில் குழாய் கசிவது தெரியும். மேல்தளத்தில் சிமென்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பெயின்ட் அடிப்பது வெறும் ஒப்பனை.

இதற்காகவே தொழிலில் ஒரு கணக்கு உண்டு: சீரமைத்தபின் கிடைக்கும் விலையில் 70 சதவீதம் எடுத்து, பழுதுச் செலவைக் கழி. விலை 100, செலவு 20 என்றால் 50-க்கு மேல் கொடுக்காதே. மிச்ச 30-ல்தான் கடன் வட்டி, வரி, தரகு எல்லாம் போக லாபம் நிற்கும். விற்கத் தாமதமானால் வட்டியே அதைத் தின்றுவிடும், அது வேறு!

எவ்வளவு செலவழிக்கிறோமோ அவ்வளவு விலை ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு இழைத்தாலும், அக்கம்பக்கத்து வீடுகள் போகும் விலையைத் தாண்டிக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.