விசிலுக்கு முன் ஒரு நொடி

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளி, கல்லூரி கால்பந்து ஆட்டங்களுக்கு இன்றும் நடுவராகப் போகிறவர். இந்த இதழில் ஐரோப்பிய நாக் அவுட் (தோற்றால் வெளியேற வேண்டிய) ஆட்டங்களின் சர்ச்சைத் தீர்ப்புகள்.

நான் செல்சீ ரசிகன். சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனலில் 2005-இல் லிவர்பூலிடமும் 2009-இல் பார்சிலோனாவிடமும் எங்களைத் தோற்கடித்தது ரெஃப்ரிகள்தான். கம்பெனி பஸ்ஸில் தினமும் இதே சண்டை. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் தம்பி. 2005 மே 3, ஆன்ஃபீல்டு மைதானம். நான்காவது நிமிடத்தில் லிவர்பூலின் லூயிஸ் கார்சியா தட்டிய பந்தை உங்கள் கல்லாஸ் கோல் கோட்டருகே வெளியே அடித்தார். முழுப் பந்தும் கோட்டைத் தாண்டியதா என்பதில் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை. ஸ்லோவாக்கியா நடுவர் லுபோஷ் மிஷெல் கோல் கொடுத்தார். அதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்பதை உங்கள் நண்பர்கள் பேசுவதில்லை. பந்தை நோக்கி வந்த லிவர்பூலின் பாரோஷை செல்சீ கோல்கீப்பர் செக் இடித்துக் கீழே தள்ளியிருந்தார். கோல் இல்லையென்றால் பெனால்டி கொடுத்து செக்குக்குச் சிவப்பு அட்டை காட்டியிருப்பேன் என்று மிஷெல் பிறகு சொன்னார். அப்படி நடந்திருந்தால் எதிரணிக்குப் பெனால்டி, உங்களுக்கு மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். செல்சீக்கு அது இன்னும் பெரிய அடி. எனவே 2005 வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன்.

2009 மே 6 வேறு. பந்து பார்சிலோனாவின் பிக்கே கையில் பட்டது, கடைசி நிமிடத்தில் உங்கள் பல்லாக் அடித்தது அவர்களின் எட்டோ கையில் பட்டது. நார்வே நடுவர் ஓவ்ரெபோ ஒன்றுக்கும் ஊதவில்லை. 93-ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த கோலில் ஆட்டம் 1-1 ஆனது. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமம் என்றால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவர் ஜெயிப்பார் என்ற வெளி மைதான கோல் விதிப்படி பார்சிலோனா ஃபைனலுக்குப் போனது. உங்கள் கோபம் நியாயமானது. தவறு செய்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஓவ்ரெபோவே ஒப்புக்கொண்டார். ஆனால் அதே இரவில் பார்சிலோனாவின் அபிடாலையும் அவர்தான் வெளியே அனுப்பினார். ரீப்ளேயில் பாருங்கள், செல்சீயின் அனெல்கா தன் கால் தானே தடுக்கி விழுந்ததுபோலத்தான் தெரிகிறது. விலைபோன நடுவர், ஃபைனலுக்கு அனுப்ப நினைத்த அணியை 66-ஆவது நிமிடத்தில் பத்துப் பேராக்க மாட்டார். அவர் அன்றைக்கு மோசமாக ஊதினார். அதைச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. காசு வாங்கினார் என்று சொல்ல உரிமை இல்லை.

கோட்டைப் பற்றி ஒன்று. நம் மைதானங்களில் சுண்ணாம்புப் பொடியில்தான் கோடு. காலை ஆட்டம் பாதி போவதற்குள் கோல்கீப்பர் கால் பட்டுப் பட்டு கம்பத்துக்குக் கம்பம் நடுவே வெறும் செம்மண்தான் இருக்கும். இடைவேளையில் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அந்த எட்டு கஜத்தையும் மறுபடி போடச் சொல்வேன். இல்லாத கோட்டுக்கு நடுவரைத் திட்டும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

2024-இல் பேயர்ன், 2025-இல் அத்லெட்டிகோ. இரண்டு ஆட்டத்திலும் நடுவர் போலந்துக்காரர் மார்சினியாக். இரண்டிலும் லாபம் ரியல் மாட்ரிட்டுக்கு. இது தற்செயலா?
கல்லூரி மாணவர், பர்கூர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒத்துக்கொண்டேன். நீங்கள் சொல்லும் இரண்டு தீர்ப்பில் ஒன்று தவறு, இன்னொன்று சரி. சேர்த்துப் பேசும்போது தவறு எங்கே நடந்தது என்பதே மறைந்துபோகிறது.

முதலில் 2024 மே 8, ரியலின் பெர்னபேவு மைதானம். முனிச்சில் நடந்த முதல் ஆட்டம் 2-2. இங்கே டேவிஸ் கோலில் பேயர்ன் முன்னே இருந்தது. 88-ஆவது நிமிடத்திலும் 91-ஆவது நிமிடத்திலும் ரியலின் ஹோசேலு அடித்து 2-1 ஆக்கிவிட்டார். வீணான நேரத்துக்காக 90 நிமிடத்தின் முடிவில் சேர்த்த நிமிடங்களும் முடியப் போகும் சமயம், பேயர்ன் ஒரு நீண்ட பந்தை உள்ளே போடுகிறது. பேயர்னின் மஸ்ராவி ஆஃப்சைடு (பந்து தரப்படும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்புக்காரரைத் தாண்டி நிற்பது) என்று லைன்ஸ்மேன் கொடி தூக்குகிறார். மார்சினியாக் விசில் ஊதுகிறார். அதற்குப் பிறகுதான் பேயர்னின் டி லிக்ட் பந்தை வலைக்குள் அடிக்கிறார்.

எல்லோரும் ஆஃப்சைடா இல்லையா என்று கோடு வரைந்து பார்க்கிறார்கள். வரைந்து பயனில்லை. விசில் ஒலித்த நொடியில் ஆட்டம் நின்றுவிட்டது. நின்ற ஆட்டத்தில் விழுந்த கோலை வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) திருப்பித் தர முடியாது. ரியல் தடுப்பாட்டக்காரர்களும் விசில் கேட்டு நின்றுவிட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இப்படி ஆகக்கூடாது என்பதற்குத்தான் தெளிவான அறிவுறுத்தல் இருக்கிறது. பந்து கோலை நோக்கிப் போகிறது, ஆஃப்சைடு நூலிழைதான் என்றால் லைன்ஸ்மேன் கொடியை இறக்கியே வைக்க வேண்டும். தாக்குதல் முடிந்த பிறகு தூக்கட்டும். கோல் விழுந்தால் வீடியோ பார்த்துக்கொள்ளும். அந்தக் கொடி அவசரப்பட்டது. அது போகட்டும், கொடி தூக்கினாலும் நடுவர் விசிலை நிறுத்தியிருக்கலாம். அவர் கையில் இன்னும் ஒரு நொடி இருந்தது. லைன்ஸ்மேன் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக டி லிக்ட் ஆட்டம் முடிந்ததும் சொன்னார். அது கோலாகியிருந்தால் ஆட்டம் 2-2, மொத்தக் கணக்கு 4-4. வெளி மைதான கோல் விதி 2021-22 சீசனிலேயே போய்விட்டதால் எக்ஸ்ட்ரா டைம் ஆடியிருப்பார்கள். பேயர்னுக்கு இழைத்தது அநியாயம்தான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

இனி 2025 மார்ச் 12. மொத்தக் கணக்கு 2-2 ஆகி பெனால்டி ஷூட் அவுட். அத்லெட்டிகோவின் ஹூலியன் ஆல்வரெஸ் உதைக்கும்போது வழுக்குகிறார். பந்து வலைக்குள். வலது காலால் உதைத்த பந்து ஊன்றிய இடது காலையும் தொட்டுவிட்டது என்று வி.ஏ.ஆர். சொன்னது. அன்றைய விதியில் இரண்டு முறை தொட்டால் கோல் கிடையாது. தெரியாமல் பட்டதா, வேண்டுமென்று தொட்டாரா என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. மார்சினியாக் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? இரக்கப்பட்டு விதியை மீறும் நடுவர் அடுத்த ஆட்டத்தில் கோபப்பட்டும் மீறுவார். ரியல் 4-2 என்று ஜெயித்தது. அதே ஷூட் அவுட்டில் அத்லெட்டிகோவின் மார்கோஸ் யொரென்டே உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதி அநியாயமா என்றால், ஆம். வழுக்கி விழுந்தவனுக்குத் தண்டனை கொடுக்கிற விதி அது. அதனால்தான் விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. அந்த ஜூன் மாதமே சுற்றறிக்கை விட்டது. தெரியாமல் இரண்டு முறை பட்டு கோல் விழுந்தால் இனி மறுபடி உதைக்கலாம். ரசிகர்கள் சரியான இடத்தில் சத்தம் போட்டால் விதியே மாறும் தம்பி. அதே மார்சினியாக்தான் 2022 உலகக் கோப்பை ஃபைனலையும் 2023 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலையும் நடத்தினார். அந்தப் பெயருக்காக அவருடைய 2024 விசிலை நான் மன்னிக்கவில்லை. அந்த விசிலுக்காக 2025-ஐச் சந்தேகப்படவும் மாட்டேன்.

கையில் பட்டால் ஹேண்ட்பால். இதில் என்ன குழப்பம்?
டீக்கடை உரிமையாளர், காவேரிப்பட்டினம்

கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் இல்லை ஐயா. வேண்டுமென்றே தொட்டானா, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினானா என்று பார்க்க வேண்டும். 2019 மார்ச்சில் பாரிஸ் அணியின் கிம்பெம்பே முதுகைக் காட்டித்தான் குதித்தார். பந்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் முழங்கை உடம்பைவிட்டு விலகி நின்றது. நடுவர் ஸ்கோமினா திரையில் பார்த்துப் பெனால்டி கொடுத்தார், ராஷ்ஃபோர்டு அடித்தார், மான்செஸ்டர் யுனைடெட் அடுத்த சுற்றுக்குப் போனது. கடுமையான தீர்ப்பு, ஆனாலும் நான் ஏற்பேன்.

அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக டாட்டன்ஹாமின் ஃபெர்னாண்டோ யொரென்டே இடுப்பால் தள்ளிய கோல். வழியில் கையிலும் பட்டதா என்று நடுவர் சாக்கிர் திரையில் பார்த்துவிட்டு கோல் கொடுத்தார். தாக்குபவர் கையில் தெரியாமல் பட்டு விழுந்த கோலும் செல்லாது என்ற விதி அந்த ஜூனில்தான் வந்தது. நாள் பார்த்துத்தான் நடுவரை எடைபோட வேண்டும். இன்றைய விதியைக் கொண்டுபோய் நேற்றைய ஆட்டத்தில் வைக்கக்கூடாது.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் நடுராத்திரி மேட்ச் பார்க்கிறான். தன் அணி தோற்றால் வாட்ஸ்அப் குரூப்பில் நடுவரையும் அவர் வீட்டாரையும் காது கூசும்படி திட்டுகிறான். இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்லட்டுமா?
ஓர் அம்மா, பாலக்கோடு

விளையாட்டை நிறுத்தாதீர்கள் அம்மா, திட்டுவதை நிறுத்துங்கள். அந்த ஆட்டங்கள் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் தொடங்கும். மறுநாள் பள்ளி இருந்தால் காலையில் ஹைலைட்ஸ் பார்க்கட்டும். வெள்ளி, சனி இரவுகளில் வேறு ஆட்டம் பார்க்க விடுங்கள்.

அவனிடம் இதைச் சொல்லுங்கள். 2023 யூரோப்பா லீக் ஃபைனல் புடாபெஸ்டில் நடந்தது. செவியாவிடம் பெனால்டியில் ரோமா தோற்றது. ஆட்டத்தை நடத்திய ஆந்தனி டெய்லர் மறுநாள் குடும்பத்தோடு விமான நிலையத்துக்கு வந்தபோது ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டார்கள். நாற்காலி பறந்தது. பக்கத்தில் அவருடைய குடும்பத்தார். உங்கள் மகன் ஃபோனில் தட்டுவதும் அந்த நாற்காலியும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நம் மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆட்டம் முடிந்து, பதினாறு வயது லைன்ஸ்மேன் பையனை பெரியவர்கள் சூழ்ந்து சட்டையைப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு கொடியைத் தொடவே இல்லை. நல்ல கண் அவனுக்கு. இன்றும் எனக்கு ஆறவில்லை.

நான் பத்தாம் வகுப்பு. பெண்கள் பெரிய ஆண்கள் ஆட்டத்துக்கு நடுவராக முடியுமா? எப்படித் தொடங்குவது?
பள்ளி மாணவி, அரூர்

முடியும் கண்ணு. பிரான்சின் ஸ்டெஃபானி ஃப்ரப்பார் 2019-இல் லிவர்பூல் - செல்சீ சூப்பர் கோப்பை ஆட்டத்தை நடத்தினார். 2020-இல் ஆண்கள் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை நடத்திய முதல் பெண் அவர்தான். 2022 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா - ஜெர்மனி ஆட்டத்திலும் விசில் அவர் கையில்தான் இருந்தது.

உன் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று விசாரி. அதுவரை விதிப் புத்தகத்தில் பதினேழு விதிகளையும் படி, பதினொன்றையும் (ஆஃப்சைடு) பன்னிரண்டையும் (ஃபவுல்) திரும்பத் திரும்பப் படி. தினமும் ஓடு. வகுப்புத் தோழிகள் ஆடும்போது நீ ஊது. ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகு: விசிலை வாயில் கடித்துக்கொண்டு ஓடாதே, கையில் பிடி. கை மேலே வருவதற்குள் ஃபவுல் வாங்கியவள் எழுந்து பந்தோடு போய்விட்டாளா என்று தெரிந்துவிடும். போய்விட்டாள் என்றால் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஆடச் சொல்.