வார்னிங் குடுத்த பிறகும் போலீஸ் விடலன்னா

தம்பி, அமெரிக்கால ஹைவேல ஓரங்கட்டி, அபராதம் போடாம வார்னிங் மட்டும் குடுத்துட்டு, அப்புறமும் "மோப்ப நாய் வருது, இரு"ன்னு நிக்க வெச்சாங்க, இது சரியான்னு கேட்டிருந்தீங்க. வேற சந்தேகம் எதுவும் இல்லன்னா சரியில்ல. நெப்ராஸ்கால 2012ல இதேதான் நடந்துச்சு, ரோட்டு ஓரத்துல இருக்கற ஷோல்டர்ல வண்டி ஏறிடுச்சுன்னு ராட்ரிகெஸ்ங்கிறவர ராத்திரி நிறுத்தி, லைசென்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் செக் பண்ணி வார்னிங்கும் குடுத்தாச்சு, அதுக்கப்புறம் இன்னொரு ஆபீசர் வரட்டும்னு ஏழெட்டு நிமிஷம் நிக்க வெச்சு நாய விட்டு மோப்பம் பிடிச்சாங்க. போதைப்பொருளும் கிடைச்சுது. ஆனாலும் அவர் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2015ல 6-3ன்னு என்ன சொல்லுச்சுன்னா, எதுக்கு நிறுத்தினீங்களோ அந்த வேலை முடிஞ்சதும் நிறுத்தி வெக்கிற அதிகாரமும் முடிஞ்சுது, கொஞ்ச நேரம்தானேங்கிற கதை செல்லாது. டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு எழுதிட்டிருக்கும்போதே நாய் வண்டிய சுத்தி வந்தா அது வேற, நேரம் கூடலன்னா ஓகேன்னு அதே கோர்ட் 2005லயே சொல்லிடுச்சு.

நம்மாளுங்க மாட்டுறது இங்கதான். பேப்பர திருப்பிக் குடுத்துட்டு "போறதுக்கு முன்னாடி ஒண்ணு, வண்டிய பாக்கலாமா?"ன்னு சாதாரணமா கேப்பாங்க, விசால இருக்கோமேன்னு பயந்து சரின்னு தலையாட்டிட்டா அது உங்க சம்மதம், அப்புறம் கோர்ட்ல பேசறது ரொம்ப கஷ்டம். நீ போகலாம்னு போலீஸ் முதல்ல சொல்லியே ஆகணும்னு கட்டாயமும் இல்ல, ஒஹாயோ கேஸ் ஒண்ணுல 1996லயே தீர்ப்பாயிடுச்சு. அதனால நீங்கதான் கேக்கணும். "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?"ன்னு மரியாதையா கேளுங்க, வண்டிய சோதனை போடணும்னா "ஐ டோன்ட் கன்சென்ட்" (எனக்கு சம்மதமில்ல)ன்னு அமைதியா சொல்லுங்க. இந்த உரிமை சிட்டிசனுக்கு மட்டும் இல்ல, விசால இருக்கற உங்களுக்கும் உண்டு.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ஊர்ல மாதிரி இறங்கி ஆபீசர்கிட்ட நடந்து போயிடாதீங்க, கை ஸ்டீரிங் மேலயே இருக்கட்டும். அவரே இறங்கச் சொன்னா இறங்கணும், அதுக்கு அவருக்கு அதிகாரம் இருக்கு. நீங்க சொல்ற பதில் முன்னுக்குப் பின் முரணா இருந்தா, இல்ல வண்டில போதை வாசனை அடிச்சா, அத வெச்சு சட்டப்படியே நேரத்த நீட்டலாம். எதுவுமே இல்லாம நிக்க வெச்சாலும் ரோட்டுல மல்லுக்கட்டாதீங்க, வார்னிங் கைக்கு வந்தது எத்தன மணி, விட்டது எத்தன மணின்னு வீட்டுக்குப் போனதும் எழுதி வெச்சு, ஏதாவது கேஸ் போட்டா அத அப்படியே வக்கீல்கிட்ட குடுங்க.