நாயகனைப் பிடிக்காமலேயே ஒரு நகைச்சுவை நாவலை ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஜான் கென்னடி டூல் எழுதிய 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' படியுங்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்கும் கதை. இக்னேஷியஸ் ரைலிக்கு முப்பது வயது, மெத்தப் படிப்பு, பருத்த உடம்பு, காதை மூடும் பச்சைத் தொப்பி. காலம் கெட்டுவிட்டது என்று அறைக்குள் உட்கார்ந்து நோட்டு நோட்டாக எழுதுவான். சோறு போடுவது அம்மா ஐரீன். அவர் காரை இடித்து நஷ்டஈடு கட்டவேண்டி வரும்போதுதான் வேலைக்கே கிளம்புகிறான்.

கால்சட்டைத் தொழிற்சாலை ஆபீசில் கோப்புகளை அடுக்கச் சொன்னால், தூக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறான். வேலை இவ்வளவு சுத்தமா என்று மேலாளர் மெச்சுகிறார்! நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே வளர்ந்தவன். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் விட்டுப்போனால் அன்றைய சம்பளம் போச்சு. கிராணி என்ற தோட்டத்துக் கணக்கர் கையிலிருந்த செக்ரோல், அந்த வருகைப் பதிவேடுதான், எங்கள் அடுப்பு எரிவதைத் தீர்மானித்தது. அதனால் அந்த இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன், கூடவே பகீரென்றும் இருந்தது.

ஆனால் எனக்கு இந்த நாவலின் உயிர் ஜோன்ஸ்தான். கறுப்பினத்தவர், கறுப்புக் கண்ணாடி, வாயில் ஓயாத சிகரெட். வேலையில்லாமல் திரிந்தால் போலீஸ் பிடித்து உள்ளே போட்டுவிடும். இது தெரிந்த மதுக்கடைக்காரி, சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்காமல் அவரைக் கூட்டிப் பெருக்க வைக்கிறாள். ஜோன்ஸும் சும்மா இல்லை. பெருக்கிக்கொண்டே முதலாளியம்மாவை வார்த்தையால் கிள்ளுகிறார், அவள் குடுமி எங்கே சிக்கும் என்று கண்ணும் காதுமாகக் காத்திருக்கிறார். தோட்டத்து ஆட்களுக்கு இந்த நக்கல் புதிதல்ல. துரை முன்னால் "சரிங்க ஐயா", மரத்தடியில் அதே துரையை நடித்துக் காட்டுவது. வேலை செய்ய மாட்டேன் என்று வீராப்புப் பேச இக்னேஷியஸுக்கு ஓர் அம்மா இருக்கிறார். ஜோன்ஸுக்கு அந்த வசதி இல்லை. இருவரையும் ஒரே கதையில் விட்டதால்தான் கேலி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இக்னேஷியஸின் கல்லூரிக் காலத் தோழி மிர்னாவின் கடிதங்கள் மட்டும் எனக்குக் கொஞ்சம் இழுவை.

டூல் இதை அச்சில் பார்க்கவே இல்லை. 1969இல், 31 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தாயார் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு அலைந்து, எழுத்தாளர் வாக்கர் பெர்சியை விடாமல் நச்சரித்துப் படிக்கவைத்தார். 1980இல் புத்தகம் வந்தது, 1981இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தொடக்கத்தில் இக்னேஷியஸ்மேல் எரிச்சல் வந்தால் மூடிவைத்துவிடாதீர்கள். ஜோன்ஸ் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்வரையாவது படியுங்கள்.