மின்னஞ்சல் குழு மென்பொருள்: முகவரி எங்கே கசிகிறது?

கேள்வி: நாற்பது பேர் உள்ள குழு. எல்லா முகவரியையும் ‘சிசி’யில் போட்டு அனுப்பிவருகிறோம். தனி மென்பொருள் அவசியமா?

பதில்: அவசியம். சிசியில் போட்ட அன்றே நாற்பது முகவரியும் நாற்பது பேர் கைக்குப் போய்விட்டது. பெறுபவர் முகவரிகளை மறைக்கும் ‘பிசிசி’ பரவாயில்லை, ஆனால் அவசரத்தில் ஒருநாள் கட்டம் மாறும். நீங்கள் மட்டும் அறிவிப்பு அனுப்புவதானால் லிஸ்ட்மாங்க் போன்ற அறிவிப்பு மடல் மென்பொருள் போதும். ஆளுக்கொரு தனி மடலாகப் போகும்.

கேள்வி: எங்களுடையது எல்லாரும் பேசும் குழு. மெயில்மேன் என்ற குழு மடல் மென்பொருளைப் போட்டால் முகவரி மறைந்துவிடுமா?

பதில்: தானாக மறையாது. எழுதியவரின் முகவரி அனுப்புநர் வரியில் அப்படியே போவதுதான் வழக்கம். அநாமதேயக் குழுவாக அமைத்தால் அங்கே குழுவின் முகவரி நிற்கும். யார் எழுதினார் என்று தெரியாது, அவருக்கு மட்டும் தனியாகப் பதில் போடவும் முடியாது. அதனால் மடலின் அடியில் பெயர் போடச் சொல்ல வேண்டும். சிலர் பெயரோடு முகவரியையும் போட்டுவைப்பார்கள், அதற்கு மென்பொருள் என்ன செய்யும்! அப்புறம், உறுப்பினர் பட்டியலை நிர்வாகி மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

கேள்வி: மெயில்மேனின் பழைய 2.1 பதிப்பு நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: ஓடும். கடவுச்சொல்லைப் பூட்டாமல் அப்படியே சேமித்து, மாதம் முதல் தேதி மடலில் நினைவூட்டும் பதிப்பு அது. அதற்கு அடிப்படையான பைத்தான் 2 என்ற நிரல்மொழிக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. மெயில்மேன் 3 வந்தது 2015-இல். மாறிவிடுங்கள்.

கேள்வி: பழைய மடல்கள் சேரும் காப்பகத்தில் @ குறிக்குப் பதில் ‘அட்’ என்று எழுத்தில் வருகிறது. போதாதா?

பதில்: முகவரி பொறுக்கும் நிரலுக்கு அது ஒரு தடையே இல்லை. காப்பகத்தை உறுப்பினருக்கு மட்டும் திறங்கள்.

கேள்வி: ஷ்லூடர் என்ற இன்னொரு குழு மடல் மென்பொருளில் மறையாக்கம் இருக்கிறதாமே?

பதில்: ஓபன்பிஜிபி என்ற, மடலைச் சாவியால் பூட்டும் முறை இருக்கிறது. வரும் மடலைச் சேவையகமே அவிழ்த்து, அவரவர் சாவிக்கு ஏற்ப மறுபடி பூட்டி அனுப்பும். ஆக, சேவையகம் யார் கையில் என்பதுதான் கேள்வி.

கேள்வி: கசியவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: உறுப்பினர்களைச் சேர்க்கும் முன் இரண்டு சோதனை முகவரிகளைச் சேருங்கள். ஒன்றிலிருந்து குழுவுக்கு எழுதி, மற்றதில் வந்த மடலின் முழு மூலத்தை (எல்லாத் தலைப்பு வரிகளும் தெரியும் வடிவம்) திறந்து, முதல் முகவரியைத் தேடுங்கள். பதில் முகவரி வரியிலோ வேறு ஏதாவது தலைப்பு வரியிலோ அது அகப்பட்டால், அமைப்புகள் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள்.