ரத்தம் உறைவதும் கரைவதும்: கேள்வி பதில்

கேள்வி: வாழ்நாள் முழுக்கக் குழாய்க்குள் ஓடியும் உறையாத ரத்தம், விரலை வெட்டிக்கொண்டால் மட்டும் சில நிமிடத்தில் எப்படி உறைகிறது?

பதில்: ரத்தக்குழாயின் உள்பூச்சு ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அது நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரந்து, ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது. வெட்டுப்பட்டதும் அடியிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரியும். தட்டணுக்கள் அதில் ஒட்டி முதல் அடைப்பைப் போடும். கூடவே, திசுவிலுள்ள திசுக்காரணி என்ற புரதம், ரத்தத்தில் எண்ணிட்டு அழைக்கப்படும் உறைதல் காரணிகளில் (புரதங்களில்) ஏழாவதோடு சேர, அது பத்தாவதை எழுப்ப, கடைசியில் த்ராம்பின் என்ற நொதி பிறக்கிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை (100 மி.லி.க்கு 200–400 மி.கி.) நூலாக்கி வலை பின்ன வைப்பது இதுதான். இந்தக் காரணிகளில் பெரும்பாலானவை கல்லீரலில் உறங்கும் வடிவில் தயாராகின்றன. கல்லீரல் கெட்டவருக்கு ஈறில் ரத்தம் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இப்போது ஸ்டென்ட்டும் வேண்டும் என்கிறார்கள். ஊசி வேலை செய்யவில்லையா டாக்டர்?

பதில்: செய்திருக்கலாம். ஊசி போட்ட 60–90 நிமிடத்தில் வலி குறைந்து, ஈசிஜியில் உயர்ந்திருந்த எஸ்டி என்ற கோட்டுப்பகுதி பாதிக்கு மேல் இறங்கியதா என்று கேளுங்கள். ஊசி கரைப்பது மேலே படிந்த புது ரத்தக்கட்டியை மட்டுமே. அடியில், குழாய்ச் சுவருக்குள் பல வருடமாகச் சேர்ந்த கொழுப்பும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும், குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் அதற்குத்தான்.

போட்ட ஊசி ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30–60 நிமிடத்தில் சொட்டாக ஏறும். பெயர் நொதி போல ஒலித்தாலும் அது நொதி அல்ல. நம் ரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அதை ரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினாக மாற வைக்கிறது. பாக்டீரியாவிலிருந்து வருவதால் உடம்பு எதிர்ப்புப்பொருள் உண்டாக்கிவிடும். அதனால் அதே மருந்தைத் திரும்பப் போடுவதில்லை. சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறதா பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். வலி தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம் வரை ஊசிக்குக் கெடு என்றாலும் முதல் 2–3 மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது.

கேள்வி: பூண்டுச்சாறு குடித்தால் அடைப்பு கரையுமா?

பதில்: கரையாது. ஆஸ்பிரினோடு அதிகம் சேர்த்தால் ரத்தக்கசிவு கூடலாம். சமையலில் போடுவது போதும்.

கேள்வி: வால்வு மாற்றியிருக்கிறேன், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறேன். முருங்கைக்கீரையைத் தொடவே கூடாதா?

பதில்: தொடலாம். உறைதல் காரணிகளைச் செய்யத் தேவையான, கீரையின் வைட்டமின் கே-யைக் கல்லீரல் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கும் நொதியைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) ஏறி இறங்கும். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், மாத்திரை அதற்கேற்ப அமைந்துவிடும். கீரையைவிட எனக்குக் கவலை கடையில் வாங்கும் வலி மாத்திரையும், வயிற்றுப்போக்குக்கு எடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையும். பின்னது ஐஎன்ஆரை வேகமாக ஏற்றிவிடும்.

கேள்வி: கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்க்கிறார்களே, எதற்கு?

பதில்: விஷத்திலுள்ள நொதிகள் ஐந்தாம், பத்தாம் காரணிகளை நேரடியாக எழுப்பிவிடுகின்றன. உடம்பு முழுக்க உறைதல் தொடங்கி, ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோய், கடைசியில் ரத்தம் உறையவே உறையாது. 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்ப்பார்கள். நீராக ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. பிளாஸ்டிக் குழாயோ சோப்பு ஒட்டிய குழாயோ ஆகாது. உறைதலைத் தூண்டுவது கண்ணாடிப் பரப்பு. மறு சோதனை 6 மணி நேரம் கழித்துதான், ஏனென்றால் விஷம் முறிந்தாலும் கல்லீரல் புது ஃபைப்ரினோஜன் செய்ய அவ்வளவு நேரமாகும். கடிவாயைக் கீறாதீர்கள்: உறையாத ரத்தம் அங்கே நிற்காமல் வடியும்.